நான்காவது குஞ்சின் பயம்

டெப்போ காலனி ஐந்தாம் தெருவில் பயம் ஆள் மாறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஆறுமுகநயினார். இருபத்தாறு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து, ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்குவதற்குள் எவன் டிக்கெட் எடுக்கவில்லை, எந்தக் கண்டக்டர் முழிக்கிறான் என்று முகத்தை வைத்தே கண்டுபிடித்து, ஓய்வு பெற்று நான்கு வருஷமான பிறகும் எது நடந்தாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷர் அவர். கல்யாண வீட்டில் தாலி ஏறும்போதும் பார்ப்பார், இழவு வீட்டில் தூக்கும்போதும் பார்ப்பார். பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், டாக்டர் வேண்டாத மாத்திரையைத் தலையில் கட்டுகிறார், பக்கத்து வீட்டு செண்பகராமன் காலனிச் செயலாளர் பதவியை வைத்து ஏதோ செய்கிறார், என்ன என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. அவருக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், அவருடைய சந்தேகத்துக்கு யாரும் கொடுக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி பிரமசக்தி ஆத்தூரில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டிக்கெட்டை வாங்கி, எந்த ஸ்டேஜில் ஏறினாள், எத்தனை மணி வண்டி என்று பார்ப்பார். அவளும் கேட்பதற்கு முன்பே நீட்டிவிடுவாள். தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வீட்டில் ஒரு ஜோடி காக்டெயில் கிளி இருந்தது. மகள் கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஜோடி. தலையில் கொண்டை, கன்னத்தில் ஆளுக்கொரு ஆரஞ்சு வட்டம். மரப்பெட்டியில் ஐந்து முட்டை இட்டு, மாறி மாறி அடைகாத்து, நான்கு குஞ்சு பொரித்தன. பறவைக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது வாரமே குஞ்சுகளைப் பிரித்து ஸிரிஞ்சில் ஊட்டுங்கள், அப்போதுதான் கையை விட்டு இறங்காது என்று சொன்னார். பிரமசக்தி மறுத்துவிட்டாள்.

"தாயும் தகப்பனும் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது நான் எதுக்கு ஊட்டணும்? அதுக வளக்கட்டும். பெறவு நான் பழகிக்கிடுதேன்" என்றாள்.

அதுகள் வளர்த்தன. இறகு ஒன்று குறையாமல், தொண்டை நிறையக் குரலோடு, நெஞ்சு நிறையப் பயத்தோடு வளர்த்தன. தாய் தகப்பன் வளர்த்த குஞ்சுகளுக்கு மனுஷக் கை என்பது வானத்திலிருந்து இறங்குகிற பருந்து. தண்ணீர் மாற்றக் கூண்டைத் திறந்தால் போதும், நான்கும் ஒரு மூலையில் ஒட்டி நின்று, இடமும் வலமுமாக ஆடி, கழுத்தை நீட்டிச் சீறும். அதிலும் பிரமசக்தி தண்ணீர் ஊற்றுகிற சிவப்புப் பிளாஸ்டிக் குவளையைக் கண்டால் முதல் குஞ்சு கம்பியில் மோதி இறகை உதிர்க்கும்.

பிரமசக்தி முதல் குஞ்சைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, நடமாட்டம் உள்ள ஹாலில், தன் கண் உயரத்துக்கு வைத்தாள். மேலிருந்து குனிந்து பார்த்தால் அது பயப்படும், கீழே வைக்கக் கூடாது. பக்கத்தில் முக்காலி போட்டு, குஞ்சைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே, இன்றைக்கு என்ன குழம்பு, எந்தத் துணி காயவில்லை என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் அப்படி. பிறகு தினைக் கதிரைக் கம்பி வழியாக நீட்டினாள். நாளுக்கு நாள் கதிரைச் சின்னதாக ஒடித்து நீட்ட, குஞ்சின் அலகுக்கும் அவள் விரலுக்கும் இடையில் இருந்த தூரம் தினைமணி தினைமணியாகக் குறைந்தது. பேப்பருக்குப் பின்னால் இருந்து நயினார் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"அது ஒன்ன ஏமாத்துது ளா. தினைக்காக நடிக்கி" என்றார்.

பதினோராம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, அவள் விரலைக் குஞ்சின் கால்களுக்கு மேலே நெஞ்சோடு வைத்து மெல்ல அழுத்த, அது ஒரு காலைத் தூக்கி வைத்தது, மறு காலையும் தூக்கி வைத்தது, கொண்டையைத் தாழ்த்தி, சொறிந்துவிடு என்று தலையைக் குனிந்து கொடுத்தது. நயினார் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. அதே நொடியில் எதிர்வீட்டிலிருந்து ஒரு சீறல் கேட்டது.

எதிர்வீடு டிரைவர் பீர்முகமது வீடு. இருபத்தெட்டு வருஷம் மலைப் பாதையில் வண்டி ஓட்டி ஒரு கீறல் விழாதவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் தலையில் எண்ணெய் வைக்க மகள் கையைக் கொண்டு போயிருக்கிறாள். மனுஷர் துள்ளி எழுந்து சுவர் மூலையில் ஒட்டிக்கொண்டு, இடமும் வலமுமாக ஆடி, கழுத்தை நீட்டிச் சீறிவிட்டார். அதன்பிறகு யார் கையிலிருந்தும் டீ வாங்கவில்லை. யாராவது நேருக்கு நேர் இரண்டு கண்ணாலும் பார்த்தால் மேஜைக்கு அடியில் போனார். குளிக்கப் போனவர் குளியலறையில் சிவப்புக் குவளையைக் கண்டு கூப்பாடு போட்டு ஓடிவந்தார். அந்தக் குவளை விஷயம் காதில் விழுந்ததும் நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரமசக்தியிடமிருந்து சிவப்புக் குவளையை வாங்கி முதல் குஞ்சின் முன்னால் வைத்துப் பார்த்தார். அது குவளையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து எச்சமிட்டது.

இரண்டாவது குஞ்சு விரலில் ஏறியது ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு. நாலு ஐந்துக்குக் கண்டக்டர் சுடலைக்கண்ணுவின் மனைவி ராஜகனி குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். நயினார் தெருவைக் கடந்து போய் விஷயத்தைச் சொன்னார். குஞ்சிடமிருந்து போகிற பயம் எங்கேயும் கரைந்து போகவில்லை, ஐந்தாம் தெருவில் யாராவது ஒருவருக்குள் இறங்குகிறது, நேரம் குறித்து வைத்திருக்கிறேன் என்றார். தெரு ஆச்சரியப்படவில்லை. அப்படியா, அதான் பார்த்தோம், திடீரென்று எங்கேயிருந்து வந்ததென்று, போகிற பயம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு, பாய்க்கு என்ன கொடுக்கலாம், ராஜகனிக்கு என்ன கொடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். சொன்னது நயினார் என்பதால் பாதிப் பேர் வேறெதையோ மனதில் வைத்துச் சொல்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள், அவ்வளவுதான்.

சுடலைக்கண்ணு மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒரே கைக்குப் பழகிய குஞ்சு ஒரே கையைத்தான் நம்பும், நாலு பேர் விரலில் ஏற வேண்டும் என்று பிரமசக்தி பழகிய குஞ்சை வீடு வீடாகக் கொண்டுபோவது வழக்கம். மூன்றாம் நாள் இரண்டாவது குஞ்சை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அது அவர் விரலில் ஏறி அவருடைய மீசையை ஆராய்ந்துகொண்டிருந்த நேரத்தில், மறு கையால் எவர்சில்வர் தட்டை எடுத்து அதன் தலைக்கு நேரே சுவரில் ஓங்கி அடித்தார். அந்தக் கணமே ராஜகனி கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, தலையை முடிந்துகொண்டு, "என்ன எல்லாரும் இங்கன நிக்கிய?" என்று கேட்டாள். குஞ்சு அறையைச் சுற்றிப் பறந்தது, சுவரில் மோதியது, ஜன்னல் கம்பியில் மோதியது, பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது.

ராஜகனி அதைத் தன் கைக்குட்டையில் சுற்றிக் கொய்யா மரத்தடியில் புதைத்தாள். பதினோரு நாள் புருஷனோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசினாள்.

"மூணு நாளு அது எனக்குள்ள இருந்திச்சு. எம்புட்டுப் பெரிசுன்னு எனக்குத் தெரியும். அதப் போயி அந்தப் பொடிசுக்குள்ள திரும்பவும் திணிச்சிட்டியளே, எப்படித் தாங்கும்?"

இதற்குப் பிறகு சங்கக் கட்டிடத்தில் கூட்டம் கூடியது. மிச்சம் இருக்கிற இரண்டு குஞ்சையும் பழக்குவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று பேச்சு வந்தது. விட்டுவிடலாம் என்றுதான் முக்கால்வாசிப் பேருக்கு எண்ணம். யார் தலையில் இறங்குமோ என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பெஞ்சுக்கு அடியிலிருந்து பீர்முகமதுவின் குரல் வந்தது. பயந்து நடுங்குகிற குரல்தான், ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது.

"நூறு கிராம் கூட இல்லாத உசுரு இத்தனையையும் சொமந்திருக்கு. நான் எழுவத்தெட்டுக் கிலோ. நான் சொமக்கேன். மத்ததுக வந்தா நீங்களும் ஆளுக்குக் கொஞ்ச நாள் சொமங்க. மதினி, நீங்க பழக்குங்க."

குஞ்சுகளை யாரும் மிரட்டக் கூடாது, பயம் வந்தவர்களைப் பிரமசக்தி குஞ்சுகளைப் பழக்குகிற முறையிலேயே பழக்குவது என்று செண்பகராமன் தீர்மானம் எழுதினார். தீர்மானத்தில் தனக்குத் தெரியாமல் ஏதாவது வரி இருக்கிறதா என்று நயினார் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதலில் ஒரு தப்பு நடந்தது. பயந்தவர் முன்னால் திடீரென்று போய் நிற்கக் கூடாது, வருகிறோம் என்று முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும் என்று பிரமசக்தி சொன்னதைக் கேட்டு, கண்டக்டர்கள் எல்லாரும் விசிலை எடுத்தார்கள். தெருமுனையில் இரட்டை விசில் கேட்டதும் பீர்முகமதுவின் கால்கள், பயத்தையும் மீறி, இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் கிளம்பிவிட்டன. தெருக் கடைசி வரைக்கும் ஓடினார். யாரோ பதறி ஒற்றை விசில் ஊத, நின்ற இடத்தில் நின்றார். மறுபடி இரட்டை விசில், மறுபடி ஓட்டம். மூச்சு வாங்கி விழுந்த பிறகுதான் விசில்களைப் பறித்துப் பெட்டியில் போட்டார்கள். அதற்குப் பதிலாக, ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வாசலிலேயே பக்கவாட்டில் திரும்பி நின்று, ஜங்ஷன், ஈரடுக்குப் பாலம், ஸ்ரீபுரம், ஆர்ச், பேட்டை என்று தாழ்ந்த குரலில் ஸ்டாப் பெயர்களைச் சொல்வது என்று ஏற்பட்டது. பயந்த மனசுக்கு வரிசையாக, தெரிந்ததாக, ஏற்றம் இறக்கம் இல்லாமல் வருகிற குரல் போதும். சில நாளில் பயமே இல்லாத வீட்டுக்குப் போனாலும் ஸ்டாப் சொல்லாமல் யாரும் நுழைவதில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவர் சொன்னார், மீன்காரம்மா சொன்னாள். கொடுக்கிற பலகாரத்தில் ஒரு விள்ளலைத் தாங்கள் தின்றுவிட்டுக் கொடுத்தார்கள். உயரமானவர்கள் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். ஒருவர் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோவது கெட்ட வார்த்தை பேசுவதைவிட மோசமாகப் போயிற்று. சிவப்புக் குவளைகள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

முப்பத்துமூன்றாம் நாள் பீர்முகமது மகளின் கைக்குக் கீழே தலையைக் குனிந்து கொடுத்தார். அவள் எண்ணெய் வைத்தாள். பயம் குஞ்சுக்கும் திரும்பவில்லை, வேறு யாருக்கும் போகவில்லை. பெரிய உடம்புக்குள் கிடந்து, நாளுக்கு நாள் தேய்ந்து, இல்லாமல் போயிருந்தது. தெரு அன்றைக்குப் பாயாசம் வைத்தது.

மூன்றாவது குஞ்சு விரலில் ஏறிய நேரம், நயினார் கூண்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் உணர்ந்தார். வாசலில் ஆள் வந்து நிற்கிற மாதிரி நெஞ்சுக்கு வெளியே ஏதோ வந்து நின்றது, உள்ளே எட்டிப் பார்த்தது, காலை மாற்றி மாற்றி நின்றது, பிறகு நகர்ந்துவிட்டது. அடுத்த நொடி பக்கத்து வீட்டில் செண்பகராமன் சீறினார்.

"எனக்குள்ள வந்து பாத்துட்டு எடமில்லாமப் போயிட்டு" என்று நயினார் தெருவில் சொன்னார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை.

"எப்படி எடம் இருக்கும் அண்ணாச்சி? ஒங்களுக்குள்ளதான் ஊருப்பட்ட சந்தேகம் ஸ்டாண்டிங்ல நிக்கே" என்றார் சுடலைக்கண்ணு. தெரு சிரித்தது, அவரும் சிரித்தார்.

மிச்சம் நான்காவது குஞ்சு. நான்கிலும் அதுதான் பெரிய பயந்தாங்கொள்ளி. நிழல் ஆடினால் சீறும், மழை தூறினால் சீறும். பிரமசக்தி அதை ஹாலில் வைக்கவில்லை. சாமான் போட்டு வைக்கிற பின்னறைக்குக் கொண்டுபோய், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம். வெளியே வரும்போது முகம் கழுவியது போலத் தெளிவாக இருந்தாள். நயினாருக்கு இது சரியாகப் படவில்லை. மற்ற மூன்றையும் பத்துப் பேர் நடுவில் பழக்கியவள் இதற்கு மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறாள்? கதவில் காதை வைத்துக் கேட்டார். முணுமுணுப்பு கேட்டது. குஞ்சோடு பேசுகிறாளா, போனில் பேசுகிறாளா? அவளுடைய போன் சமையலறை மேடையில்தான் இருந்தது. அப்படியானால் வேறு போன் ஏதும் இருக்குமோ என்று அரிசி டிரம்மைக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே சந்தேகத்தைக் கூட்டியது.

ஒரு வியாழக்கிழமை காலை, அவள் அடுப்படியில் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது, அவர் பின்னாலிருந்து வந்து, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற ஊறுகாய் பாட்டிலை எடுக்க அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டினார். அவள் குனிந்தாள். தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே மூலைக்குப் போய், அங்கிருந்து அவரைப் பார்த்தாள். சீறவில்லை, ஆடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். மணி ஏழு நாற்பத்தைந்து.

கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக நயினார் எடுக்கப் போனதை எடுக்காமல் கையை இறக்கினார். அவருக்கு இந்த உலகத்தில் இவளை விட்டால் ஆள் கிடையாது. அவர் வந்தால் எழுந்து போகாத ஒரே மனுஷி அவள்தான். அவளும் இப்படிப் பார்த்தால் அவர் எங்கே போய் உட்காருவார்? சாத்திய கதவுக்குப் பின்னால் நாலாவது குஞ்சு எப்போதோ விரலில் ஏறிவிட்டது, அதன் பயம் அவளுக்குள் இறங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. தெருவுக்கும் அப்படித்தான் புரிந்தது. பீர்முகமது வந்து, வாசலில் பக்கவாட்டில் நின்று, பேட்டை வரைக்கும் ஸ்டாப் சொல்லி, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"பொறுமையா இருங்க அண்ணாச்சி. எனக்கு முப்பத்திமூணு நாளு ஆச்சு. மதினிக்கு அதுக்கும் முன்னாலேயே சரியாயிரும். பாக்காம உக்காருங்க, கேள்வி கேக்காதிய, அதான் முக்கியம்" என்றார்.

நயினார் மூன்று நாள் பொறுத்தார். கேள்வி கேட்காமல் இருப்பது அவருக்கு மூச்சு விடாமல் இருப்பது மாதிரி. அவர் ஹாலுக்கு வந்தால் அவள் அடுப்படிக்குப் போனாள், அடுப்படிக்கு வந்தால் கொல்லைக்குப் போனாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் படுக்கிற அறைக்கு வராமல் ஹாலில் சுவரோரமாகப் படுத்தாள். அந்தக் கண்கள் அவரை விட்டு நகரவே இல்லை. இப்படி இன்னும் முப்பது நாளா என்று நினைத்தபோது அவருக்குத் தாங்கவில்லை. நாலாம் நாள் காலை, அவள் துணி காயப்போடக் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். செய்யப்போவது பாவம் என்று தெரியும். ராஜகனி முகத்தில் விழிக்க முடியாது என்று தெரியும். ஒரு குஞ்சு போனால் போகட்டும், எனக்கு அவள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார்.

தட்டை ஓங்கக்கூட இல்லை. கதவு திறந்த சத்தத்துக்கே குஞ்சு கொண்டையை விறைத்துக்கொண்டு எழுந்தது, மூலைக்குப் போய் ஒட்டியது, இடமும் வலமுமாக ஆடியது, கழுத்தை நீட்டிச் சீறியது. நயினார் நின்றுவிட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, கூண்டுக் கதவைத் திறந்து, பிரமசக்தி செய்வது போல விரலை அதன் நெஞ்சுக்கு நேரே கொண்டுபோனார். அது விரலைக் கடித்து ரத்தம் வரவழைத்துவிட்டு, கம்பியில் மோதி மோதிச் சுற்றியது. அதன் பயம் ஒரு குன்றிமணி குறையாமல் அதனிடமே இருந்தது. அது எங்கேயும் போகவே இல்லை.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பிரமசக்தி காலி வாளியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டையும் கரண்டியையும் பார்த்தாள், விரலில் ரத்தத்தையும் பார்த்தாள்.

"அத மெரட்டப் போனியளா?"

"அது இன்னும் கையில ஏறலையா ளா?"

"நான் ஏத்தவே இல்ல."

"கதவப் பூட்டிக்கிட்டு என்னதான் செஞ்ச?"

"பூட்டலை, சாத்தினேன். அது ஒரு மூலையில இருந்திச்சு, நான் ஒரு மூலையில இருந்தேன். அதப் பழக்கணும்னு எனக்குத் தோணல. நான் எனக்குள்ள பேசிக்கிடுவேன், அது கேட்டுக்கிட்டிருக்கும். அங்கன இருந்தா எனக்கு நல்லாயிருந்திச்சு."

நயினார் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். குஞ்சின் பயம் குஞ்சிடம் இருக்கிறது. மற்ற குஞ்சுகளின் பயம் போன இடங்கள் தெரியும். வேறு குஞ்சு கிடையாது.

"அப்பம் ஒனக்கு வந்தது யாரோட பயம்?"

"என்னோடதுதான்."

"எப்பம் வந்துது?"

அவள் வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். சொல்லலாமா என்று யோசிக்கிறவளாகத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்தவளாகத்தான் இருந்தாள்.

"கல்யாணமாகி நாப்பதாம் நாளு. நீங்க டூட்டிக்குப் போனதும் என் தம்பி வந்தான், காப்பி குடிச்சான், போயிட்டான். நீங்க வந்ததும் அடுப்படியத்தான் பாத்திய. ரெண்டு தம்ளர் கழுவிக் கவுத்திருக்கே, யாரு வந்ததுன்னு கேட்டிய. நான் சொன்னேன். நீங்க பதில் பேசல, என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னிய. அன்னைல இருந்து யாரு வந்தாலும், தண்ணி குடிச்சாலும், அந்தத் தம்ளரத் தொடைச்சு உள்ள வச்சிட்டுத்தான் மறுவேலை. மழைக்கு ஒதுங்கி ஒரு பொம்பள வந்து நின்னாக்கூட, போனதும் வாசல் ஈரத்தத் தொடைச்சிருவேன்."

"நான் ஒம்மேல ஒரு நாளாவது கை ஓங்கியிருக்கேனா?"

"இல்ல. அந்தக் குஞ்சையும் யாரும் அடிச்சதில்ல."

இவள் பொய் சொல்கிறாளோ என்று நயினார் பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் ஏறி அவர் பார்த்ததெல்லாம் முகங்கள்தான். அவரைக் கண்டதும் எந்த முகம் வெளுக்கிறதோ அது தப்பு செய்த முகம், அதுதான் அவர் கற்று வைத்திருந்த தொழில். வீட்டிலும் அதே முகம் அவருக்கு முன்னால் வெளுத்துக்கொண்டே இருந்தது, அவரும் என்னத்தையோ மறைக்கிறாள், என்னத்தையோ மறைக்கிறாள் என்று முப்பத்தொரு வருஷம் டிரம்மையும் பையையும் கிளறிக்கொண்டே இருந்தார். அவள் மறைத்தது இந்தப் பயம் ஒன்றைத்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது.

"இத்தன வருஷம் இல்லாம இப்பம் ஏன் ளா?" என்றார்.

"தெருவுல எல்லாரும் பயந்தவுகள எப்படித் தாங்குனாவ! ஒருத்தரும் ஏன் பயப்படுதன்னு கேக்கல, பயப்படக் கூடாதுன்னு சொல்லல. நான் மட்டும் சிரிச்சுக்கிட்டே டிக்கெட்ட நீட்டிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு நீங்க தலைக்கு மேல கையக் கொண்டுவந்திய. ஒடம்பு தானா குனிஞ்சிது. எப்பமும் அது குனியத்தான் பாக்கும், நான் விடமாட்டேன். அன்னைக்கு விட்டுட்டேன்."

கொல்லையில் ஈரத்துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பின்னறையில் குஞ்சு இன்னும் சீறிக்கொண்டிருந்தது. நயினார் தட்டையும் கரண்டியையும் சத்தம் வராமல் மேடையில் வைத்தார். மணி என்ன என்று பார்க்கத் தோன்றவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், அடுப்படியின் நடுவில் தரையில் உட்கார்ந்தார். பக்கவாட்டில், அவளைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"அங்கன இல்ல. கொஞ்சம் தள்ளி" என்றாள் பிரமசக்தி.

அவர் நகர்ந்தார்.

"இன்னும்."

இன்னும் நகர்ந்தார். நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்குப் போனார். அவளைப் பார்க்கவில்லை, அவள் மூச்சுவிடுகிறதை வைத்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளப் பார்த்தார். போதும் என்று அவள் சொல்லவே இல்லை. வாசல்நிலை முதுகில் இடித்தது. அதையும் தாண்டிப் படியில் போய் உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு உள்ளே தட்டு வைக்கிற சத்தமும் சோறு போடுகிற சத்தமும் கேட்டது. அவர் வீட்டில் இருக்கும்போது அவள் உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.